பதினோராம் நாள்

புதூர்நாடு
20.1.2025

மாப்பிள்ளை ரஞ்சித்துக்கு, அன்பரசன் எழுதுவது.

போனில் பேச வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். போன வாரம் நீங்கள் பேசியதும் நான் திருப்பிப் பேசியதும் போதும். இனி உங்கள் நம்பர் வந்தால் எடுக்க மாட்டேன். எழுத்தில் இருந்தால் நாளைக்கு யாரும் மாற்றிப் பேச முடியாது. கார்பன் வைத்து எழுதுகிறேன், ஒரு பிரதி என்னிடம் இருக்கும். காலை மினிபஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடுங்கள்.

விஷயம் ஜீப்தான். மார்கழி கடைசியில் உங்கள் ஷெட்டில் நாலு நாள் படுத்திருந்தது. ஹெட் கேஸ்கட் போய்விட்டது, மாற்றியாயிற்று, இனி பத்து வருஷத்துக்கு எஞ்சின் பக்கம் பார்க்க வேண்டாம் என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தீர்கள். பத்து வருஷம் வேண்டாம் மாப்பிள்ளை, பத்து நாள் ஓடியிருந்தால்கூட வாயை மூடிக்கொண்டிருப்பேன். மூட்டையோடு ஏறும்போது ஏழாவது வளைவில் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய்விடுகிறது. டிரைவர் சின்னதம்பி வண்டியை ஓரம் கட்டிவிட்டு, சூடு ஆறட்டும் என்று ஒரு மணி நேரம் பாறைமேல் உட்கார்ந்திருக்கிறான். பின்னால் ஏறிய சனங்கள் நடந்தே வந்து என் கடை வாசலில் நின்று, "இன்னா அன்பரசா, உன் தங்கச்சி வூட்டுக்காரர் பாத்த வண்டியா இது" என்று கேட்கிறார்கள்.

தலைச்சுமையாகப் புளி இறக்கி ஆரம்பித்தவன் நான். இன்றைக்கும் இந்த மலையில் என் வாய்ப்பேச்சை நம்பித்தான் சரக்கு போடுகிறார்கள். அந்த வாயை நீங்கள் கேலிக்கு விட்டுவிட்டீர்கள்.

பொங்கலுக்கு வந்த சசிகலா காணும் பொங்கல் முடிந்ததும் இதே ஜீப்பில் உங்களிடம் வருவதாக இருந்தது. இப்போது வரமாட்டாள். என் பேச்சு இதுதான், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்: ஜீப் சரக்கோடு, தொடர்ந்து பத்து நாள், கொதிக்காமல் மலை ஏற வேண்டும். ஏறினால், பதினோராம் நாள் காலையில் சசிகலா அதே ஜீப்பில் உட்கார்ந்து திருப்பத்தூருக்கு வருவாள். இது என் வாக்கு. நடுவில் ஒரு நாள் கொதித்தாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.

அதுவரை நீங்கள் மலை ஏற வேண்டாம். வண்டியையும் உங்கள் ஷெட்டுக்கு இன்னொரு தரம் அனுப்ப மாட்டேன். என்ன கோளாறு, என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். சின்னதம்பி செய்வான்.

அன்பரசன்


திருப்பத்தூர்
23.1.2025

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. என் வேலை சுத்தமான வேலை. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

எஞ்சினைத் திறந்து மூடினால் உள்ளே காற்று மாட்டிக்கொள்வது உண்டு. தண்ணீர் ஓடுகிற பாதையில் ஒரு காற்றுக் குமிழ் நின்றுவிட்டால் அதைத் தாண்டித் தண்ணீர் போகாது. தெர்மோஸ்டாட்டும் ஏமாந்துவிடும், சூடு தெரிந்து திறக்க வேண்டியது திறக்காது. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வண்டியின் மூக்கு மேட்டைப் பார்க்கும்படி நிறுத்தி, ரேடியேட்டர் மூடியைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். குமிழ் குமிழாக மேலே வந்து உடையும். அது நிற்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பொறுமை உள்ளவனுக்கு அரை மணி நேர வேலை.

மூடியின் உட்பக்கம் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அது போய்விட்டால் அழுத்தம் நிற்காது, தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். நான் போட்டது புது மூடி. இருந்தாலும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பு. எஞ்சின் சூடாக இருக்கும்போது அந்த மூடியில் யாரும் கை வைக்கக் கூடாது. உள்ளே வெறும் தண்ணீர் இல்லை, அடைத்து வைத்த ஆவி. திறந்தால் முகத்தில் அடிக்கும். என் ஷெட்டில் சேருகிறவனுக்கு நான் சொல்லித் தரும் முதல் பாடம் இது.

வண்டிக்கும் என் வீட்டுக்கும் முடிச்சுப் போடுவது நியாயமா என்று கேட்கப் போவதில்லை. உங்களிடம் நியாயம் பேசி ஜெயித்தவர் யாரும் இல்லை. நான் மெஸ்ஸில் சாப்பிடுகிறேன். ஷெட்டில் டார்ச் பிடிக்க ஆளில்லை. நாலு வருஷமாக அவள்தான் பிடித்தாள். சரியாகப் பிடிக்க மாட்டாள், கை ஆடும். இருந்தாலும் பழகிய ஆள்.

ரஞ்சித்


புதூர்நாடு
3.2.2025

மாப்பிள்ளைக்கு,

உங்கள் எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது. எனக்குக் கண்ணாடி போட்டும் பிடிபடவில்லை. உங்கள் வேலைச் சீட்டுகளைப் படித்துப் பழகிய சசிகலாதான் புளி உடைக்கிற கொட்டகையில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தாள். அங்கே புளி தட்டுகிற பெண்கள் அத்தனை பேருக்கும் இப்போது காற்றுக் குமிழ் பாடம் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கஞ்சி வடிக்கத் தெரியாமல் கையையும் கழுத்தையும் வேகவைத்துக்கொண்ட பெண், தெர்மோஸ்டாட் என்பதைத் தடுக்காமல் படிக்கிறாள். உங்களிடம் இருந்ததில் அதாவது மிச்சம்.

குமிழ் எடுத்தோம். நீங்கள் சொன்னபடியே வந்தது. ஐந்து நாள் வண்டி நல்ல பிள்ளையாக ஏறியது. ஆறாம் நாள் அதே ஏழாவது வளைவு, அதே ஆவி. ஆறவிட்டுச் சின்னதம்பி மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ரப்பரே இல்லை. வெறும் தகரம். நீங்கள் எழுதியிருந்தீர்களே, பார்த்துக்கொள்ளச் சொல்லி. பழைய மூடியை மாட்டி அனுப்பிவிட்டுப் புது மூடி என்று எழுதினீர்களா? நானும் வியாபாரிதான். புளியில் உப்புத் தண்ணீர் தெளித்து எடை ஏற்றுகிறவனை எனக்குத் தெரியும். அவனும் முதலில் "சுத்தமான சரக்கு" என்றுதான் ஆரம்பிப்பான்.

சசிகலாவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சும்மா உட்கார்ந்து சோறு தின்னவில்லை. மூன்று ஆள் உடைக்கிற புளியை ஒருத்தியாக உடைக்கிறாள், சாயந்திரம் சாக்கும் தைக்கிறாள். உங்களுக்கு நஷ்டம், எனக்கு லாபம். அவள் பேசுவதுதான் இல்லை. முன்னெல்லாம் வாய் ஓயாது. நீங்கள் அதை மட்டும் நன்றாக ரிப்பேர் பண்ணி வைத்திருக்கிறீர்கள்.

அன்பரசன்


திருப்பத்தூர்
6.2.2025

மச்சானுக்கு,

நான் போட்டது புது மூடி. டப்பா இன்னும் என் மேஜைமேல் இருக்கிறது. ரப்பர் தானாகக் கழன்று விழாது. மலையில் யார் கழற்றினார்கள் என்று நீங்கள் விசாரியுங்கள். இன்னொரு புது மூடி இத்துடன் வருகிறது. கண்டக்டர் முன்னால் பிரித்து, ரப்பரைக் காட்டிக் கொடுத்திருக்கிறேன்.

சாதாரணமாக நான் இப்படிக் கடிதத்தில் வைத்தியம் பார்ப்பதில்லை. வண்டியைத் தொட விடாமல் நாடி பிடிக்கச் சொல்கிறீர்கள். சரி. அடுத்து ஃபேன் பெல்ட்டைப் பாருங்கள். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலத்துக்கு மேல் இறங்கக் கூடாது. இறங்கினால் லூஸ். லூஸாக இருந்தால் ஃபேனும் சுற்றாது, தண்ணீர் பம்பும் சுற்றாது. ரேடியேட்டரை அமீர் பாயிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். திருப்பத்தூரில் ரேடியேட்டர் வேலையில் அவரைத் தாண்டி ஆளில்லை. என் ஷெட்டுக்கு வரத்தானே உங்களுக்குக் கசக்கிறது, அவரிடம் போகலாமே.

இன்னொன்று. மார்கழிக் குளிரில் எஞ்சின் சீக்கிரம் சூடாகட்டும் என்று மலை டிரைவர்கள் ரேடியேட்டர் முன்னால் சாக்கு கட்டுவார்கள். சின்னதம்பி அப்படி ஏதாவது கட்டிவிட்டு அவிழ்க்க மறந்திருந்தால் அவிழ்க்கச் சொல்லுங்கள். காற்று போகாவிட்டால் எந்த ரேடியேட்டரும் செத்த ரேடியேட்டர்தான்.

கஞ்சியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவள் கவனம் அப்படி. பேசாமல் இருக்கிறாள் என்றும் எழுதியிருந்தீர்கள். அவள் பழைய வண்டி மாதிரி, இரண்டு தட்டுத் தட்டினால்தான் ஸ்டார்ட் ஆவாள். தமாஷுக்குச் சொல்கிறேன்.

சீக்கிரம் அனுப்புங்கள். வீடு பூட்டிக் கிடக்கிறது.

ரஞ்சித்


புதூர்நாடு
20.2.2025

மாப்பிள்ளைக்கு,

ஒழுங்காகக் கேளுங்கள். புது மூடி எட்டாம் தேதி போட்டோம். ஒன்பதாம் தேதி கொதித்தது. பெல்ட்டை அழுத்திப் பார்த்தால் சின்னதம்பியின் கட்டைவிரல் பாதி உள்ளே போகிறது. நட்டு கையால் திருகினால் திரும்புகிற அளவுக்கு லூஸ். "சாவி போட்டு முறுக்க மறந்தவன் மெக்கானிக்கா" என்று கொட்டகையில் எல்லோர் முன்னாலும் கேட்டேன். உங்கள் மனைவியும் அங்கேதான் இருந்தாள். கேட்க வேண்டும் என்றுதான் கேட்டேன்.

மறுநாள் அமீர் பாயிடம் போனோம். ரேடியேட்டரை இறக்கி, கழுவி, வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நெல் மணி அளவு அடைப்பு இல்லை. பேசுகிற ஆள் இல்லை அவர். "வண்டியில இன்னா குத்தம் இருக்கு, ஒண்ணும் இல்லியே" என்று மட்டும் சொன்னார். சாக்கு ஏதும் கட்டவில்லை. பனி போய் எத்தனை நாள் ஆகிறது.

பதினொன்றாம் தேதி முதல் எண்ண ஆரம்பித்தேன். எட்டு நாள் ஏறியது. எட்டாம் நாள் சாயந்திரம் சசிகலாவிடம் துணி எடுத்து வைத்துக்கொள் என்று சொன்னேன். மடித்து வைத்துக்கொண்டாள். ஒன்பதாம் நாள், நேற்று, பதினாறு மூட்டைச் சரக்கோடு ஏழாவது வளைவில் எஞ்சின் கக்கியது.

எனக்கு வெறுத்துவிட்டது. வண்டியாவது வாக்காவது, நாளைக்குப் பஸ் ஏறிப் போ என்று அவளிடம் சொன்னேன். ஒரு மாதமாக வாய் திறக்காதவள் அப்போதுதான் திறந்தாள்.

"நீ எழுதிக் குடுத்த வாக்கு மலை பூராத் தெரியும் அண்ணா. நான் பஸ்ல போனா, வண்டியைச் சரி பண்ண முடியாம அன்பரசன் வாக்கை முழுங்கிட்டான்னுவாங்க. போனா ஜீப்புலதான் போவேன்."

என் பேருக்கு என் கூடப் பிறந்தவள் கொடுக்கிற மரியாதையைப் பாருங்கள். உங்கள் பேருக்கு நீங்கள் கொடுக்கவில்லை. அப்புறம் யோசித்தால் அவள் சொல்வதும் சரி. மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுகிறேன். அடுத்த வைத்தியத்தை எழுதுங்கள், டாக்டரே.

அன்பரசன்


திருப்பத்தூர்
23.2.2025

மச்சானுக்கு,

உறைமேல் "மச்சான் மட்டும் பிரிக்கவும்" என்று எழுதியிருக்கிறேன். காரணம் இருக்கிறது. இதைச் சசிகலாவிடம் கொடுக்காதீர்கள். எழுத்தைப் பெரிதாகவே எழுதுகிறேன். கண்ணாடி போட்டு நீங்களே படியுங்கள்.

உங்கள் கடிதங்களையும் நான் எழுதியதையும் ஷெட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூடி ரப்பரைப் பாருங்கள் என்று எழுதினேன். அதற்குப் பிறகுதான் ரப்பர் காணாமல் போனது. பெல்ட்டைப் பாருங்கள் என்று எழுதினேன். அதற்குப் பிறகுதான் பெல்ட் லூஸானது. கோளாறு நான் எழுதுகிற வரிசையில் வருகிறது. எந்த எஞ்சினும் கடிதம் படிக்காது மச்சான்.

இன்னொன்றும் பார்த்தேன். முதலில் ஆறாம் நாள். பிறகு ஒன்பதாம் நாள். பத்து மட்டும் ஆவதில்லை.

நான் எழுதியதில் மிச்சம் இருப்பது சாக்கு. ரேடியேட்டருக்கும் முன் ஜல்லடைக்கும் நடுவில் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். வெளியிலிருந்து தெரியாதபடி இருக்கும். இருந்தால், யார் தைத்தது என்று உங்களுக்கே தெரியும்.

அவளுக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது, டார்ச் பிடித்தவள்தானே என்று நினைத்திருந்தேன். நாலு வருஷம் வெளிச்சம் பிடித்தவள் எல்லாவற்றையும் பார்த்துவைத்திருக்கிறாள்.

அவளிடம் எதுவும் கேட்க வேண்டாம். கை நீட்டவும் வேண்டாம். வண்டியில் ஏற்றி அனுப்புங்கள், போதும். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். எந்த போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

உங்கள் வாக்கு எழுதிய காகிதம் என் பெட்டியில் இருக்கிறது. மண்டித் தெருவில் நாலு பேருக்குப் படித்துக்காட்டும்படி வைத்துவிடாதீர்கள்.

ரஞ்சித்


புதூர்நாடு
27.2.2025

ரஞ்சித்துக்கு,

மாப்பிள்ளை என்று எழுதக் கை வரவில்லை.

உன் கடிதம் திங்கட்கிழமையே வந்தது. எடை போடுகிற அவசரத்தில் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன், நாளைக்குப் படிக்கலாம் என்று. அன்றைக்கே படித்திருந்தால் சின்னதம்பியின் கை வெந்திருக்காது.

செவ்வாய்க்கிழமை ஏழாவது வளைவில் வண்டி கொதித்தது. பின்னால் இருந்தவர்கள் சீக்கிரம் சீக்கிரம் என்று நெருக்க, துண்டைச் சுற்றிக்கொண்டு மூடியைத் திருகியிருக்கிறான். நீ கண்டக்டர் முன்னால் காட்டிக் கொடுத்தனுப்பிய புது மூடி. அழுத்தத்தை நன்றாகத்தான் பிடித்து வைத்திருந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுவதற்கு முன் அந்தக் கையைப் பார்த்தேன். உள்ளங்கைக்கு ஒன்றும் ஆகவில்லை. மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஆரம்பித்து முழங்கை வரை தோல் உரிந்திருந்தது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. பிறகு தாடைக்கு அடியில் பிடித்து, காது மடல் வரை. நர்ஸ் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னாள். நான் நகரவில்லை. இதே கையை நான் பார்த்திருக்கிறேன்.

புளியைக் கையில் எடுத்தால் எந்தக் கொல்லை மரம் என்று சொல்கிறவன் நான். என் வீட்டில் இருந்த காயத்தைப் பார்த்து இரண்டு வருஷமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கஞ்சி கீழேதான் கொட்டும். தொடையில் கொட்டும், காலில் கொட்டும். மேலே பாய்ந்து தாடைக்கடியில் போய் ஒட்டாது.

வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டு உன் கடிதத்தைப் படித்தேன். ஜீப்பின் ஜல்லடைக்குள் கையை விட்டேன். நீ கெட்டிக்கார மெக்கானிக், அதில் குறை சொல்ல மாட்டேன். கரித்தூள் பூசிக் கறுப்பாக்கிய சாக்கு. கம்பியோடு சேர்த்துச் சணலால் தைத்து, மூன்று தையலுக்கு ஒரு முடிச்சு. இந்த மலையில் அப்படி முடிச்சுப் போடுகிறவள் ஒருத்திதான்.

கொட்டகையிலிருந்து எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, சாக்கை அவள் முன்னால் போட்டேன்.

"இதை யார் தச்சான்னு கேக்க மாட்டேன். ஏன்னு மட்டும் சொல்லு" என்றேன்.

அவள் புளி உடைப்பதை நிறுத்தவில்லை.

"பத்து நாள் ஆய்டுமேன்னுதான் அண்ணா."

"உன் கையில இருக்கிறது கஞ்சியா?"

"கஞ்சின்னு சொல்லச் சொன்னாரு."

பிறகு சொன்னாள். ஷெட்டுக்குக் கொதித்துக்கொண்டே வந்த ஒரு வேன். இவள் டார்ச் பிடித்திருக்கிறாள். வெளிச்சம் ஆடியிருக்கிறது. நீ எழுந்து விலகி நின்றுகொண்டு, "கை ஆடுதில்ல, நீயே அந்த மூடியைத் திற. அப்புறம் ஆடாது" என்றாயாம். உன் ஷெட்டில் சேருகிறவனுக்குச் சொல்லித் தரும் முதல் பாடம் என்று எனக்கு எழுதினாயே, அந்தப் பாடத்தை அவளுக்கு இப்படித்தான் நடத்தியிருக்கிறாய். அது ஒன்று மட்டும் இல்லை. மற்றதையும் சொன்னாள். அதையெல்லாம் எழுதினால் இந்தக் காகிதத்தை என்னால் மடிக்க முடியாது.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நீ இன்னா சொல்லியிருப்ப? அனுசரிச்சுப் பொழைக்கிற வழியைப் பாருன்னு சொல்லியிருப்ப" என்றாள். சொல்லியிருப்பேன்தான். பொய் எழுத மாட்டேன். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது நான் மாப்பிள்ளை பார்க்கவில்லை. என் ஜீப்புக்கு மெக்கானிக் பார்த்தேன். சொந்தக்காரன் என்றால் ராத்திரி பகல் பார்க்காமல் வண்டியை எடுப்பான் என்று நினைத்தேன். நல்ல பேரம் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டேன். ஒன்றரை மாதமாக அவளைக் கொட்டகையில் வைத்து எல்லோர் முன்னாலும் குத்திக்காட்டினேன். பேசாமல் கேட்டுக்கொண்டு சாக்குத் தைத்தாள்.

சின்னதம்பியிடம் அவளே போய்ச் சொன்னாள், உன் கை வெந்தது என்னால்தான் என்று. அவன், "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே பெரிய சாக்காக் கட்டி, ஆறவுட்டு ஓட்டியிருப்பேனேம்மா" என்றானாம். வலது கை என்பதால் அவனுக்கு இரண்டு வேளையும் அவள்தான் ஊட்டுகிறாள். ஒவ்வொரு கவளத்துக்கும் அந்தக் காயத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்கும் நீதான் காரணம், நானும்தான்.

சாக்கை மறுபடி நானே கட்டிவிட்டேன். எடுத்தால் வண்டி கொதிக்காது, கொதிக்காவிட்டால் என் வாக்கு வந்து நிற்கும். அதனால் இப்போது வண்டியைக் கொதிக்க வைப்பது நான்.

மலை ஏற வேண்டாம் என்று எழுதியதை எடுத்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை மினிபஸ்ஸில் வா. ஜீப்பை அடிவாரத்திலிருந்து ஏழாவது வளைவு வரை நானே ஏற்றி வந்து, முள் சிவப்பில் இருக்கும்படி நிறுத்தி வைக்கிறேன். துண்டு வேண்டாம். வெறும் கையால் மூடியைத் திற. திறந்துவிட்டு அவளைக் கூப்பிடு. பத்து நாள் வேண்டாம், அன்றைக்கே பேசிக்கொள்ளலாம்.

இதை அவளிடம் சொன்னேன். "அவரு தெறக்க மாட்டாரு அண்ணா. ரூல்சு தெரிஞ்சவரு" என்றாள்.

மலையில் பதினோரு ஜீப் ஓடுகிறது. மற்ற பத்து டிரைவரும் சின்னதம்பியைப் பார்க்க வந்தார்கள். அவன் கையையும் சசிகலா கையையும் காட்டினேன், அவ்வளவுதான். இனி உன் ஷெட்டில் மலை வண்டி நிற்காது.

அன்பரசன்


திருப்பத்தூர்
2.3.2025

மச்சானுக்கு,

இன்று நான் வரவில்லை என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. ஜனவரி 23-ஆம் தேதிக் கடிதத்திலேயே எழுதியிருக்கிறேன். தெரிந்தவன் எவனும் செய்யாத காரியத்தைச் செய்யச் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள். கையை வைத்துப் பிழைப்பவன் நான். என் கை வெந்தால் ஷெட்டை யார் நடத்துவது?

அவள் கையில் இருப்பது கஞ்சி பட்டதுதான். வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை.

வண்டியில் கோளாறு இல்லை என்பது உங்கள் வாயாலேயே நிரூபணமாகிவிட்டது. எனக்கு அது போதும். சாக்கைப் பிரித்துவிட்டுப் பத்து நாள் ஓட்டுங்கள். பதினோராம் நாள் என்ன எழுதிக் கொடுத்தீர்களோ அதன்படி நடந்துகொள்ளுங்கள். ஒரு வார்த்தை கூடவும் வேண்டாம், ஒரு வார்த்தை குறையவும் வேண்டாம். வாக்குக் கொடுத்தது நீங்கள், நான் இல்லை.

ரஞ்சித்


புதூர்நாடு
13.3.2025

ரஞ்சித்துக்கு,

உன் கடிதத்தைச் சசிகலாவிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னேன். கொட்டகையில் எல்லோரும் இருந்தார்கள். தடுக்காமல் படித்தாள். "கையை வைத்துப் பிழைப்பவன் நான்" என்ற இடத்தில் சின்னதம்பி குனிந்து தன் கட்டைப் பார்த்தான். அவள் காகிதத்தை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, "சாக்கை எடுத்துடலாமா அண்ணா" என்று கேட்டாள். அவளே கத்தியை வாங்கி முடிச்சு முடிச்சாக அறுத்தாள்.

நாலாம் தேதியிலிருந்து ஜீப்பை நானே ஓட்டுகிறேன். தினமும் முழுச் சரக்கு. ஏழாவது வளைவில் வேண்டுமென்றே நிறுத்தி நிறுத்தி எடுத்தேன். முள் பாதிக்கு மேல் அசையவில்லை. இன்றோடு பத்து நாள். உன் வேலை சுத்தமான வேலைதான், ஒப்புக்கொள்கிறேன். நான் சரக்கைக் குறைத்துச் சொல்கிற ஆள் இல்லை.

ஒரு வார்த்தை கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம் என்று எழுதியிருந்தாய். அதனால் என் முதல் கடிதத்தின் கார்பனை எடுத்துக் கண்ணாடி போட்டுப் படித்தேன். பதினோராம் நாள் காலையில் சசிகலா அதே ஜீப்பில் உட்கார்ந்து திருப்பத்தூருக்கு வருவாள் என்று எழுதியிருக்கிறேன். எந்தத் தெரு, எந்த வாசல் என்று எழுதவில்லை. எழுதும்போது உன் வாசல் என்றுதான் நினைத்திருந்தேன். நினைத்தது கார்பனில் விழவில்லை.

நாளை வெள்ளிக்கிழமை. காலை பதினோரு மணிக்கு ஜீப் மகளிர் காவல் நிலையத்து வாசலில் நிற்கும். முன்சீட்டில் சசிகலா. பின்னால் சின்னதம்பி, கட்டைப் பிரித்துவிட்டு. கஞ்சியா ஆவியா என்று எழுதித் தர அவனுக்குக் கட்டுப் போட்ட டாக்டர் ஒத்துக்கொண்டிருக்கிறார். இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டப் போகிறோம், நீ கடிதங்களை வைத்துப் பார்த்தாயே, அந்த மாதிரி. உன் கடிதம் நாலும் என்னிடம் இருக்கிறது. எந்த போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று எழுதிய காகிதத்தை மேலாக வைத்திருக்கிறேன்.

என் வாக்கு எழுதிய காகிதம் உன் பெட்டியில் இருக்கிறது. மண்டித் தெருவில் தாராளமாகப் படித்துக்காட்டு. சொன்னபடி செய்தேன் என்பதற்கு எனக்கும் சாட்சி வேண்டும்.

உன்னையும் கூப்பிடுவார்கள். வா. மலை இறங்கி வருகிற வண்டி, எஞ்சின் ஆறித்தான் இருக்கும். மூடியைத் தொட்டாலும் உன் கை சுடாது.

அன்பரசன்